இன்னொரு சிலம்பு யாரிடம் இருக்கிறது?

(கான்சாபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)



சென்ற வாரம் கான்சாபுரத்தில் பேசினேன். அந்தப் பேச்சை எழுதித் தரும்படி இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தோழர் கேட்டார். கைதட்டலுக்காகச் சொன்ன சில வரிகளை நீக்கிவிட்டேன். மேடையை விட்டு இறங்கியபின் நடந்த ஒன்றைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன். மற்றபடி அன்று அந்த மக்களிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

கான்சாபுரம் என்று உச்சரித்துப் பாருங்கள். கான் சாகிபு என்று நாட்டு மக்கள் அழைத்த யூசுப்கான் நினைவுக்கு வருவான். கும்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாய் இருந்தவன். மதுரைச் சீமையையும் நெல்லைச் சீமையையும் கட்டி ஆண்டவன். கும்பெனிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கினான். பின்னர் கும்பெனியையே எதிர்த்தான். காட்டிக் கொடுக்கப்பட்டுப் பிடிபட்டான். 1764 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் மதுரைக்கு அருகே தூக்கில் தொங்கவிடப்பட்டான். வழக்கு எங்கே? வாதம் எங்கே? பிடித்தவர்களே தீர்ப்புச் சொன்னார்கள், தீர்ப்புச் சொன்னவர்களே கயிற்றையும் இழுத்தார்கள். அவன் வீரனா, கும்பெனியின் வாளா என்ற வழக்கை வரலாற்று ஆசிரியர்களுக்கு விட்டுவிடுவோம். பிடிப்பவனும் தீர்ப்பவனும் ஒருவனாகவே இருந்த அந்தக் காலம் முடிந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

முடிந்துவிட்டது என்கிறது சட்டப்புத்தகம். முடியவில்லை என்கிறது சாத்தான்குளம்.

நான் நாடகம் எழுதுகிறவன். கல்லூரியில் கால் வைத்தேன். பட்டம் வாங்காமல் வெளியே வந்தேன். சட்டத்தைப் பாடமாகப் படிக்கவில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தைப் படித்திருக்கிறேன். கோவலன் கொலைப்பட்ட கதையை மேடையேற்றும்போதெல்லாம் கண்ணகி வாய் திறந்ததும் கொட்டகை அழும். கோவலன் வெட்டுண்ட இடத்தை அவ்வளவு கூர்ந்து பார்ப்பவர் குறைவு. பாருங்கள் தோழர்களே, பாருங்கள்!

அரண்மனையில் நகை காணவில்லை. பொற்கொல்லன் ஒருவன், கள்வன் கிடைத்துவிட்டான் என்கிறான். ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும் மன்னன், நின்று விசாரிக்க நேரமில்லாத மன்னன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்று காவலர்க்கு ஆணையிடுகிறான். காவலர் போகிறார்கள். கோவலன் முகத்தைப் பார்த்த காவலரே, இவன் கள்வன்போல் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை இளங்கோ மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பொற்கொல்லன் பேசிப் பேசித் தயக்கத்தைக் கரைக்கிறான். அப்போது அந்தக் கூட்டத்தில் இருந்த, கல்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். கதை முடிந்தது.

புகார் கொடுத்தவன் சொல் ஒன்றே சாட்சி. மேலிடத்து உத்தரவு ஒன்றே விசாரணை. தயங்கிய நல்லவன் வாய்மூடி நின்றான், தயங்காதவன் கை ஓங்கினான். இதை ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பழங்கதை என்று யார் சொல்ல முடியும்?

2025 ஜூன் மாதம், அதே மதுரைக்கு அருகே, திருப்புவனத்தை அடுத்த மடப்புரம். காளி கோயில் காவலாளி ஓர் இளைஞர். கோயிலுக்கு வந்தவரின் காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார். நகை! மறுபடியும் நகை! சீருடை அணியாத தனிப்படை அவரை அழைத்துப் போனது. 28 ஆம் தேதி அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனை அவர் உடம்பில் நாற்பத்து நான்கு காயங்களை எண்ணியது. காவல் காத்தவனைக் காவலர் கொன்றனர் என்று நாடே கொதித்தது. போலீசார் ஐவர் கைதானார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. இத்தனையும் எதனால் நடந்தது? கோயிலில் வேலை பார்த்த ஒருவர், மறைவில் நின்று, நடுங்கும் கையோடு, தம் கைப்பேசியில் அந்த அடியைப் படம் பிடித்திருந்தார்.

கண்ணகி கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. அதனால் நீதி பேசியது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்ட முடிந்தது. மடப்புரத்தில் அந்த இன்னொரு சிலம்பு ஓர் ஏழை ஊழியரின் கைப்பேசியில் இருந்தது. அந்தக் கைப்பேசி அன்று அங்கே இல்லாதிருந்தால்?

இதற்கும் விடை தேடி அலைய வேண்டாம். சாத்தான்குளம் சொல்லும்.

2020 ஜூன் 19. ஊரடங்கு நாட்கள். கடையைக் குறித்த நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். இரவெல்லாம் அடி. மறுநாள் மருத்துவர் சான்று தந்தார். மாஜிஸ்திரேட்டு காவலில் வைக்க உத்தரவிட்டார். கோவில்பட்டிக் கிளைச்சிறை வாங்கிக்கொண்டது. மூன்று வாசல், தோழர்களே! மூன்று வாசலிலும், ‘இந்த உடம்பில் என்ன காயம்’ என்று ஒருவர் கேட்டிருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கலாம். 22 ஆம் தேதி இரவு மகன் போனார். 23 ஆம் தேதி விடியலில் தந்தை போனார்.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு நீதித்துறை நடுவரை விசாரிக்க அனுப்பியது. நீதிமன்றம் அனுப்பிய மனிதரையே அந்த நிலையத்தில் ஒரு காவலர் அவமதித்துப் பேசினார். சாட்சியம் அழிந்துவிடும் என்று அஞ்சி, போலீஸ் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நிலையத்தில் காமிரா இருந்தது. படத்தைச் சேர்த்து வைக்கப் பெட்டியும் இருந்தது. பெட்டியில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய படம் அன்றன்றே அழிந்துபோகும்படி அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். கண் இருந்தது, நினைவைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

அங்கே சிலம்பாய் வந்து நின்றது யார்? ஒரு பெண் தலைமைக் காவலர். அதே சீருடை, அதே நிலையம். தாம் கண்டதை நடுவரிடம் அஞ்சி அஞ்சிச் சொன்னார், ஆனாலும் சொன்னார். போலீசு என்றாலே பேய் என்று மேடையில் பேசுகிறவன் நானல்ல. கோவலனைப் பார்த்துத் தயங்கிய காவலர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குத் துணை நிற்க ஒரு கதவு வேண்டும், ஓர் ஆள் வேண்டும், ஒரு முகவரி வேண்டும்.

அந்த முகவரி எங்கே? இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்; கேட்டபின் உங்களுக்கும் என்னைப்போல் சிரிப்பு வரும். சிரித்தபின் கோபம் வரும்.

பிரகாஷ் சிங் என்றொருவர். உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீசைச் சீர்திருத்துங்கள் என்று 1996 இல் உச்சநீதிமன்றம் ஏறியவர் அந்தப் போலீஸ்காரர்தான்! பத்து ஆண்டு நடந்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். அவற்றுள் ஒன்று, போலீசார் மீது மக்கள் கொடுக்கும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாநிலத்துக்கு ஒன்று, அதற்கு ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஒன்று, அதற்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். காவலில் சாவு, கொடுங்காயம், கற்பழிப்பு போன்ற புகார்களை அவர்கள் கேட்க வேண்டும். இதில் புரியாதது ஒன்றுமில்லை.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013 இல் காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்று இயற்றியது. பெயர் சீர்திருத்தம். உள்ளே திறந்து பார்த்தால், மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் யார்? போலீஸ் துறைத் தலைவரும், சட்டம் ஒழுங்கைக் கவனிக்கும் கூடுதல் தலைவரும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். உறுப்பினர்கள்? மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டும் கூடுதல் சூப்பிரண்டும்!

எங்கள் சிறு நாடகக் குழுவில் ஆள் பற்றாக்குறை. ஒரே நடிகன் முதற் காட்சியில் திருடனாக வருவான். மூன்றாம் காட்சியில் நீதிபதியாக வருவான். நடுவில் திரைக்குப் பின்னால் ஓடி மீசையைப் பிய்த்துவிட்டு வெள்ளைத் தாடியை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள் தாடி ஒட்டவில்லை. முன்வரிசைச் சிறுவன், ‘ஏய், திருடன் வந்துட்டான்டா!’ என்று கத்திவிட்டான். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தாடியைக்கூட ஒட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அதே தொப்பியோடு, அதே நாற்காலியோடு, புகாரைக் கேட்க உட்காரச் சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு; நூற்றறுபது ஆண்டு பின்னால் போனால்தான் விளங்கும்.

1854 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் சென்னை மாகாணத்தின் பெயர் நாறியது. வரி வசூலுக்காகவும் குற்ற விசாரணைக்காகவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினார்கள். விசாரணைக்கு ஓர் ஆணையம் அமைந்தது. 1855 இல் அறிக்கை தந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவர் கையெழுத்திட்ட அறிக்கை. கிட்டி என்ற கருவி அதில் வருகிறது. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் கட்டி, நடுவே விரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் நெரிப்பது. அண்ணாந்தாள் வருகிறது. கழுத்திலும் கால் கட்டை விரலிலும் துணியை மாட்டி, ஆளை வளைத்துக் கட்டி, வெயிலில் விட்டுவிடுவது. ஆங்கில அறிக்கையில் நம் மொழிச் சொற்கள் இப்படி இடம் பிடித்தன. 2023 இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைக் குறடால் பிடுங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது எனக்கு அந்தக் கிட்டிதான் நினைவுக்கு வந்தது.

அந்த மூவர் இன்னொன்றையும் கண்டார்கள். அடிபட்டவன் ஏன் முறையிடவில்லை? முறையிட வேண்டிய ஆளே அடித்தவன், அதனால்தான். வரி வாங்கும் தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். அவருக்கு மேலே கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட்டு. ஒரு கை வரி வாங்கியது, அதே கை தடி எடுத்தது, அதே கை மனுவையும் வாங்கிக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளுக்குக் குற்றமில்லை, பழியெல்லாம் கீழே உள்ள உள்நாட்டுச் சிப்பந்திகளுக்கே என்று அறிக்கை எழுதியவர்கள் அவர்கள். கீழே உள்ளவனைக் காட்டி மேலே உள்ளவன் தப்பும் கலைக்கு அன்றே அரங்கேற்றம் நடந்துவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும், நோயை அவர்கள் சரியாகவே கண்டார்கள். அறிக்கையின் விளைவாக 1859 இல் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீசு பிரிக்கப்பட்டது. தனித் தலைவர், தனிப் படை. இந்தியா முழுமைக்குமான 1861 ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்துக்கு அது முன்னோடி.

கவனியுங்கள். கலெக்டர் மேசையிலிருந்து போலீசைப் பிரித்தால்தான் ஏழை முறையிட முடியும் என்று 1859 இல் அந்நியன் சட்டம் செய்தான். முறையிட வரும் ஏழையின் முன்னால் கலெக்டரையும் போலீஸ் சூப்பிரண்டையும் மறுபடி ஒரே மேசையில் உட்கார வைத்து 2013 இல் நம்மவர் சட்டம் செய்தார்கள். அந்நியனுக்கு நற்சான்று தர நான் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோமே என்று நெஞ்சு சுடுகிறது.

கலெக்டர் நல்லவராயிருந்தால்? இருக்கலாம். நல்லவரைப் பலரை நான் அறிவேன். ஆனால் காலையில் சட்டம் ஒழுங்குக் கூட்டத்தில் போலீஸ் சூப்பிரண்டின் தோளோடு தோள் உட்கார்ந்தவர், மாலையில் அவருடைய இன்ஸ்பெக்டர் மேல் வந்த புகாரை, அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றால், அது நல்லவருக்கும் கொடுமை.

சிலர் சொல்வார்கள்: டெல்லியின் மத்தியப் புலனாய்வுத் துறை இருக்கிறதே, அது போதாதா? அதுவும் போலீசுதான், தோழர்களே. 1946 ஆம் ஆண்டு டெல்லிச் சிறப்புப் போலீஸ் சட்டத்திலிருந்து அதிகாரம் பெறும் போலீசு. அதைக் கூண்டுக்கிளி என்று 2013 இல் சொன்னது நானல்ல, உச்சநீதிமன்றம். சாத்தான்குளம் வழக்கையும் மடப்புரம் வழக்கையும் அது எடுத்தது உண்மை, எடுத்ததற்கு நன்றி. ஆனால் நாடு கொதித்தால்தான் அது வரும். ஊர் கொதிக்காத சாவுக்கு யார் வருவார்? சாகாமல், கை ஒடிந்து வீடு திரும்பியவனுக்கு யார் வருவார்?

மனித உரிமை ஆணையம் இருக்கிறது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத்திலும் ஆணையம் அமைந்தது. அதன் சொல் வெறும் பரிந்துரை என்று அரசுகள் ஒதுக்கி வைத்திருந்தன. அரசை அது கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. நல்ல தீர்ப்பு, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு. 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வேண்டும், படம் பதினெட்டு மாதம் அழியாதிருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பதினெட்டு மாதம்! ஆனால் பெட்டியின் சாவி, குற்றம் சாட்டப்படுகிறவரின் இடுப்பிலேயே தொங்கினால், பதினெட்டு ஆண்டு என்று எழுதியும் பயனில்லை.

வேறு வழியே உலகத்தில் இல்லையா? வட அயர்லாந்தைப் பாருங்கள். மதத்தாலும் துப்பாக்கியாலும் பிளந்து கிடந்த நாடு. போலீசை மக்களில் ஒரு பாதி நம்பவே இல்லை. 2000 ஆம் ஆண்டில் போலீசுக்கு வெளியே ஒரு குறைகேள் அலுவலகத்தைத் திறந்தார்கள். புகார் போலீசுக்குப் போவதில்லை. நேரே அங்கே போகிறது. அந்த அலுவலகத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர்கள் உண்டு. போலீசு வைத்திருக்கும் ஏட்டையும் படத்தையும் கேட்டு வாங்கும் அதிகாரம் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? கான்சாபுரத்தில் நின்றால் மேற்கே மலை தெரிகிறது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளம். 2011 ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டம், புகார் ஆணையத்தின் தலைமை நாற்காலியை ஓய்வு பெற்ற நீதிபதிக்குக் கொடுத்தது. அங்கே அடியே விழுவதில்லை என்று நான் சொல்லவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் எழுத முடிந்த ஒரு வரியை, மலைக்கு இந்தப்பக்கம் எழுதக் கை ஏன் கூசியது என்றுதான் கேட்கிறேன்.

கூசிய கை ஒன்றல்ல. சட்டத்தைச் செய்தவர்களைக் கேட்டேன். பின்னால் வந்து அதைத் திருத்தாமல் விட்டவர்களையும் அதே குரலில் கேட்கிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நம் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எதிர்க்கட்சியில் இருக்கும்போது இனிக்கும் சீர்திருத்தம், கோட்டையில் ஏறியதும் ஏன் கசக்கிறது? போலீசு தம் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். மாற்றல் உத்தரவு தம் பையில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். நேர்மையான சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரைத் தூக்கியடிக்கும் கை எதுவோ, அடித்த ஏட்டைக் காப்பாற்றும் கையும் அதுவே.

கேட்பது மலையளவு அல்ல. உள்துறைச் செயலாளரும் போலீஸ் அதிகாரிகளும் அந்த நாற்காலிகளை விட்டு எழட்டும். ஓய்வு பெற்ற நீதிபதி உட்காரட்டும். பக்கத்தில் ஒரு பெண், ஒரு மருத்துவர், தாழ்த்தப்பட்ட மக்களில் ஒருவர் உட்காரட்டும். அவர்களுக்கென்று புலனாய்வாளர்கள் இருக்கட்டும். காமிராப் படத்தின் ஒரு பிரதி, நிலையத்துக்கு வெளியே, மாவட்ட நீதிமன்றத்தில் போய்ச் சேரட்டும். உள்ளே இருந்து உண்மை சொல்லும் காவலருக்கு மாற்றல் வராமல் காப்பு இருக்கட்டும். அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நீங்கள் பெருமையோடு சொல்வீர்கள். கோபுரத்தின் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று இருக்கிறது. வாய்மை வெல்வது இருக்கட்டும். முதலில் அது உட்கார்ந்து பேச ஓர் அறை வேண்டாமா?

பேச்சு இத்துடன் முடிந்தது. மாலை போட்டார்கள், சோடா கொடுத்தார்கள். படியிறங்கியபோது ஓர் அம்மையார் வழிமறித்தார். அறுபது வயதிருக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு. மகனுடைய வலது கை. எந்த நிலையம் என்று கேட்டேன்.

“அது வேண்டாம் யய்யா. மனு மட்டும் எழுதிக் குடுங்க. கலெக்டர் ஆபீசுக்குப் போகச் சொல்றாக. அங்கன போனா பக்கத்துலயே போலீசு அய்யாவும் இருப்பாராம்ல. நீங்கதான சொன்னீக?”

நான்தான் சொன்னேன். கூட்ட நோட்டீசின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் என்று எழுதியதும் பேனா நின்றது. ஒரு மணி நேரம் பேசியவனின் பேனா! கடைசியில், மாநில மனித உரிமை ஆணையம், சென்னை என்று எழுதினேன். நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும் என்றும், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை வைக்க வேண்டும், அசலை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றும் இருமுறை சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஊரின் பெயரைக் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தார்.

“மெட்ராசுக்கா யய்யா?”

1855 இல் அந்த மூவர் உட்கார்ந்து மனு வாங்கிய ஊரும் அதுதான். ஆமாம் தாயே, என்றேன். தாளை மடித்து, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, கடைசிப் பஸ்ஸுக்கு நடந்தார்.